வீட்டுப் பழுதும் காண்டிராக்டரின் இன்ஷூரன்ஸும்

ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்

நெசவாளருக்கு வீடுதான் தொழிற்கூடம். தறிக்குழியும் பாவும் நூற்சிப்பமும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. விவசாயியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மஞ்சளும் நிலக்கடலையும் விதைநெல்லும் நல்ல விலை வரும்வரை வீட்டின் ஓர் அறையில்தான் காத்துக் கிடக்கின்றன. ஆகவே நம் அங்கத்தினரின் கூரை ஒழுகும்போது அவருடைய பிழைப்பும் கூடவே நனைகிறது. அந்தக் கூரையைப் பழுது பார்க்கக் கடன் வாங்கிச் செலவழித்த பிறகும் அது ஒழுகுமானால், அந்தக் குடும்பத்திற்கு நேரும் துன்பம் இரட்டிப்பாகிறது.

பழுது பார்க்கும் வேலைகளை மொத்தமாக ஒப்புக்கொள்ளும் காண்டிராக்டர்கள் சிலர் இக்காலத்தில் ஒரு புதிய உறுதிமொழி கூறுகின்றனர். “என்னிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வேலையில் ஏதேனும் கோளாறு வந்தால் கம்பெனி கொடுத்துவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்” என்பதே அது. கம்பெனியின் முத்திரையோடு கூடிய ஒரு தாளையும் எடுத்துக் காட்டுகின்றனர். அதைக் கண்டதும் அங்கத்தினர் மனம் நிறைந்து, கேட்ட முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இந்த உறுதிமொழி எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிவை முதலிலேயே கூறிவிடுவது நன்று. பொறுப்பு இன்ஷூரன்ஸ் என்பது, வேலையால் பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ விளைந்த கேட்டிற்கு ஈடு செய்வது. கெட்டுப்போன வேலையையே திரும்பச் செய்து கொடுப்பதற்கு அது பணம் தராது. பூசிய பூச்சு பெயர்ந்தால் அதை மறுபடி பூசவேண்டியவர் காண்டிராக்டரே. பெயர்ந்த பூச்சு வழியே போவோர் தலையில் விழுந்தால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பேச்சு எழுகிறது.

ஏன் இந்த வரையறை?

இது கம்பெனிகளின் சூழ்ச்சி என்று சிலர் எண்ணக்கூடும். கூட்டுறவாளர்களாகிய நாம் சற்று நிதானித்துப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். இன்ஷூரன்ஸும் ஒரு வகையில் கூட்டுறவே. பலர் சிறு தொகை செலுத்தி ஒரு பொது நிதி சேர்க்கின்றனர். எதிர்பாராத விபத்து எவருக்கு வந்ததோ அவருக்கு அந்நிதி உதவுகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மக்கள், பெஞ்சமின் பிராங்க்ளின் போன்றோரின் முயற்சியால், 1752-ஆம் ஆண்டில் தீ விபத்திற்காக இத்தகைய பரஸ்பர சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கம் வீட்டை நேரில் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டது. விபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், அசட்டையைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்பதே அதன் உட்கருத்து.

சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டுவதும், பூச்சு காயுமுன் தண்ணீர் விட்டு நனைக்காமல் போவதும் காண்டிராக்டரின் கையில் உள்ளவை. அவற்றைத் திருத்தும் செலவையும் பொது நிதி ஏற்றுக்கொண்டால், ஒழுங்காக வேலை செய்யும் மேஸ்திரி கட்டிய பிரீமியத்திலிருந்து ஒழுங்கீனமானவருக்குக் கூலி கொடுத்ததாக முடியும். கடனைத் திருப்பாதவரின் பாக்கியைத் தவறாமல் தவணை கட்டியவர் பங்கிலிருந்து தள்ளுபடி செய்வதற்கு இது ஒப்பாகும். அத்தகைய சங்கம் எத்தனை நாள் நடக்கும் என்பதை அங்கத்தினர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு தீர்ப்புகள்

காண்டிராக்டர்கள் பொறுப்பு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளும் வழக்கம் மிகுதியாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்குள்ள நியூ ஜெர்ஸி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1979-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு ஒன்று இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒரு குடும்பத்தார் தம் வீட்டின் வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை செய்யவும், முன்தாழ்வாரத்திற்குக் கான்கிரீட் தளம் போடவும் ஒரு காண்டிராக்டரை அமர்த்தினர். பூச்சில் வெடிப்புகள் கண்டன. முழுவதையும் இடித்துவிட்டு மறுபடி பூச நேர்ந்தது. அச்செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கவேண்டுமா என்பதே கேள்வி. ஏற்கவேண்டியதில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மோசமான வேலையைச் சீர்ப்படுத்துவது தொழில் செய்பவர் தாமே தாங்கவேண்டிய நஷ்டம். பூச்சு உடைந்து விழுந்து மனிதருக்கோ வண்டிக்கோ சேதம் விளைந்தால் அதுவே இன்ஷூரன்ஸ் ஏற்கும் விபத்து என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது.

அதே நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கை விசாரித்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துணைக் காண்டிராக்டர்கள் செய்த குறைபாடான வேலையினால் மழைநீர் உள்ளே புகுந்து, நன்றாக இருந்த உட்பகுதிகளைக் கெடுத்துவிட்டது. இவ்வாறு விளைந்த நீர்ச்சேதம் பாலிஸியில் கூறப்பட்ட ‘சொத்துச் சேதம்’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. பாலிஸியின் வாசகம் 1986-ஆம் ஆண்டில் மாறியிருந்ததும், துணைக் காண்டிராக்டர் செய்த வேலைக்கு அதில் தனி விதி இருந்ததும் அம்முடிவுக்குத் துணை செய்தன. அமெரிக்காவிலேயே எல்லா மாநிலங்களும் ஒரே கருத்துடையவை அல்ல. ஆயினும் இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கெட்ட வேலைக்கும் அந்த வேலை கெடுத்த பொருளுக்கும் இடையில் உள்ள எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகிறது.

நம் நாட்டுப் பாலிஸிகள்

லாரி வைத்திருப்பவர் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. அபாயகரமான இரசாயனப் பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கும், போபால் விபத்துக்குப் பின் வந்த 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியுள்ளது. வீட்டைப் பழுது பார்க்கும் காண்டிராக்டருக்கு இந்த இரு சட்டங்களும் பொருந்தா. அவர் எடுத்தால் அது அவர் விருப்பம். எதை எடுத்தார் என்பதும் அவர் விருப்பமே. ஆகையால் ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், ‘எந்த இன்ஷூரன்ஸ்?’ என்று கேட்கவேண்டியது நம் கடமை.

பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை. முதலாவது, ஒரு குறிப்பிட்ட வேலைக்கென எடுக்கப்படுவது. ‘காண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்று பெயர். ‘எல்லா இடர்களும்’ என்ற பெயரைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. அதன் முதற்பகுதி, நடைபெறும் வேலைக்குத் திடீரென்று நேரும் சேதத்தைப் பற்றியது. குறையுள்ள பொருளையும் குறையுள்ள வேலைத்திறனையும் மாற்றித் திருத்தும் செலவு அங்கே வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. அக்குறையினால் விபத்து நேர்ந்து, சரியாகச் செய்யப்பட்ட வேறு வேலைப்பகுதி கெட்டால் மட்டும் அந்தப் பகுதிக்கு ஈடு உண்டு.

அதன் இரண்டாம் பகுதி மூன்றாம் நபருக்கான பொறுப்பு. இங்கேதான் அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரராகிய நாம் நம்மை மூன்றாம் நபர் என்று எண்ணிக்கொள்கிறோம். பாலிஸியின் பார்வையில் நாம் வேலையை ஒப்படைத்தவர். வேலையை ஒப்படைத்தவருக்குச் சொந்தமான பொருளும், அவருடைய பொறுப்பிலும் பாதுகாப்பிலும் இருக்கும் பொருளும் இந்தப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டவை. முன்னமே உள்ள கட்டிடத்தையும் சாமான்களையும் சேர்க்கவேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்டித் தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்திருக்கவேண்டும்.

நெசவாளருக்கு இது மிக முக்கியம். தறியில் ஏறியிருக்கும் பாவு அவருடையதன்று. சங்கம் கொடுத்த நூல். ‘சங்கத்தின் சொத்து கெட்டது, சங்கம் மூன்றாம் நபர் அல்லவா?’ என்று வாதிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நூல் நெசவாளரின் பொறுப்பில் இருக்கிறது. ஆதலால் மேற்கூறிய விலக்கு அதையும் பிடித்துக்கொள்ளும். கம்பெனி கையை விரித்துவிடும். சங்கத்தின் நூற் கணக்கிலோ நெசவாளர் பெயரில் பற்று நிற்கும்.

இரண்டாவது வகை, காண்டிராக்டர் தம் தொழில் முழுமைக்கும் எடுத்துக்கொள்ளும் பொதுப் பொறுப்புப் பாலிஸி. இதில் வீட்டுக்காரரின் மற்றப் பொருள்களுக்கு நேர்ந்த சேதம் இடம் பெறக்கூடும். எனினும் காலத்தைப் பார்க்கவேண்டும். வேலை நடக்கும்போது நேரும் விபத்தை மட்டும் ஏற்பவை உண்டு; வேலையை ஒப்படைத்த பிறகு நேருவதையும் ஏற்பவை உண்டு. சில பாலிஸிகளில், கோரிக்கை எழுந்த நாளும் பாலிஸிக் காலத்துக்குள் இருக்கவேண்டும். சித்திரையில் முடிந்த கூரை வேலையின் குற்றம் ஐப்பசி மழையில்தான் வெளிப்படுகிறது. அதற்குள் பாலிஸி காலாவதியாகிப் போயிருந்தால் அந்தத் தாளினால் பயன் என்ன?

ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: கெட்டது எது? அது யாருடையது? எப்போது கெட்டது?

கணக்கு எழுதிப் பார்ப்போம்

கணக்கு எழுதினால்தான் விஷயம் விளங்கும் என்பது சங்கத்தில் நாம் கற்ற பாடம். ஆகவே ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டு நெசவாளர் மாடித் தளத்தின் பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கவும், கைப்பிடிச் சுவரை உயர்த்தவும் ரூ. 1,50,000-க்கு ஒப்பந்தம் செய்தார். தொகை முழுவதும் கொடுத்தாகிவிட்டது. முதல் பெருமழையிலேயே தளம் ஒழுகியது. நஷ்டங்கள் பின்வருமாறு என்று கொள்வோம்.

தளத்தை மறுபடி பெயர்த்துப் போட: ரூ. 1,10,000
தறியில் நனைந்து கெட்ட பாவும் பட்டு நூலும்: ரூ. 28,000
அறையின் பழைய பூச்சும் மின்சாரச் சாதனங்களும்: ரூ. 17,000
கைப்பிடிச் சுவரின் செங்கல் விழுந்து பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்த சேதம்: ரூ. 9,000
தறி 24 நாள் நின்றதால் போன கூலி, நாளொன்றுக்கு ரூ. 600 வீதம்: ரூ. 14,400
ஆக மொத்தம்: ரூ. 1,78,400

முதல் இனமே மிகப் பெரியது. அதற்கு எந்தப் பொறுப்புப் பாலிஸியிலும் பைசா எதிர்பார்க்க இயலாது. அது கெட்ட வேலையேதான். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் வகைப் பாலிஸியில், தனிக் குறிப்பு இல்லையேல், கிடையா. பொதுப் பொறுப்புப் பாலிஸியில், ஒப்படைத்த பின் நேரும் சேதமும் சேர்க்கப்பட்டிருந்து, காண்டிராக்டரின் கவனக்குறைவும் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கலாம். நான்காவது இனத்தில் பக்கத்து வீட்டார் ஐயமற்ற மூன்றாம் நபர். பாலிஸி நடப்பில் இருந்து, நிகழ்ந்த காலமும் அதில் அடங்கினால் அவருக்கு வழி உண்டு. ஐந்தாவது, பொருட்சேதத்தைத் தொடர்ந்து வந்த வருமான நஷ்டம். பாலிஸி வாசகம் இடங்கொடுத்தால் உண்டு; பல இடங்களில் கொடாது.

எல்லாம் கைகூடினாலும் கம்பெனியிடமிருந்து வரக்கூடியது ரூ. 68,400-க்கு மேற்படாது. அதிலும் பாலிஸிதாரர் தாமே தாங்கவேண்டிய முதல் தொகை என்று ஒன்று கழியும். மிஞ்சிய ரூ. 1,10,000 காண்டிராக்டரிடமிருந்தே வரவேண்டும். அவரிடமோ பணம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பாலிஸி என்பது காண்டிராக்டருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். பொதுவாக நாம் அதில் கட்சிக்காரர் அல்லர். காண்டிராக்டர் கம்பெனிக்குக் காலத்தில் தெரிவிக்காமற் போனாலும், பிரீமியம் கட்டத் தவறியிருந்தாலும் நமக்கு வரக்கூடியதும் வராமற் போகலாம். அவருடைய சொந்த வேலையாட்களுக்குச் சாரத்திலிருந்து விழுந்து காயம் பட்டால் அதுவும் இந்த மூன்றாம் நபர் பகுதியில் அடங்காது. அதற்குத் தனிப் பாலிஸி எடுத்திருக்கிறாரா என்று கேட்டு வைப்பது, சாரம் ஏறும் ஏழைத் தொழிலாளியின் பொருட்டும் நாம் செய்யவேண்டிய காரியம்.

சட்டம் தரும் துணை

இன்ஷூரன்ஸ் கைவிடும் இடத்தில் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தையும், மீறினால் இது விளையும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் அறிந்திருந்த நஷ்டத்தையும் ஈடு செய்யவேண்டும் என்கிறது. இக்கொள்கைக்கு மூலமான வழக்கு 1854-இல் இங்கிலாந்தில் நடந்தது. குளஸ்டர் நகரத்து மாவு மில் ஒன்றின் இயந்திரத் தண்டு முறிந்தது. புதிய தண்டுக்கு மாதிரியாக அதை அனுப்பினர், கொண்டுசென்றவர்கள் தாமதித்தனர். மில் நின்றதால் போன இலாபத்தை மில்காரர் கேட்டார். தண்டு வராவிடில் மில் நிற்கும் என்பது கொண்டுசென்றவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை என்ற காரணத்தால் அந்த இலாபம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நெசவாளர் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் எளிது. ‘இந்தத் தளத்தின் கீழ் தறி நடக்கிறது, சங்கத்தின் நூல் இருக்கிறது, ஒழுகினால் இன்ன கூலி நஷ்டமாகும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும். விளைபொருள் வைக்கும் அறையாயின் அதையும் அவ்வாறே எழுதவேண்டும். ஒரு வரி எழுதுவதற்குச் சோம்பினால் பல நாட் கூலியை இழக்க நேரும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடு கட்டும் சேவை 1993-இல் சேர்க்கப்பட்டது. இப்போது நடப்பிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இடம் பெற்றுள்ளது. மாவட்ட ஆணையத்தில், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். கொடுத்த தொகை ரூ. 5 இலட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். ஆனால் நாட்கூலிக்கு ஆள் வைத்து, நாமே நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று வேலை வாங்கினால் அது தனிப்பட்ட ஊழியம் என்று கருதப்பட்டு இச்சட்டத்திற்கு வெளியே போய்விடக்கூடும். மொத்த ஒப்பந்தத்திற்கும் நாட்கூலிக்கும் உள்ள இந்த வேற்றுமையை வேலை தொடங்குமுன்னரே எண்ணிப் பார்க்கவேண்டும்.

2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தில் 5 ஆண்டுக் காலப் பொறுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பர். புதிய வீடுகளைக் கட்டி விற்பவருக்கே அது பொருந்தும். நம் பழைய வீட்டைப் பழுது பார்ப்பவரிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

நாம் செய்யத்தக்கவை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், உரிமம் பெற்ற காண்டிராக்டர் இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு ஜாமீன் பத்திரம் கொடுத்தாகவேண்டும். 2023 ஜனவரி முதல் அதன் தொகை 25,000 டாலர். வேலை கெட்டால் வீட்டுக்காரர் அந்த ஜாமீனின் மேல் கோரலாம். இன்ஷூரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர். நம் ஊர் மேஸ்திரியிடம் அத்தகைய பத்திரம் இராது. ஆயினும் அதைவிட எளிய ஜாமீன் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அது நாம் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் பணம்.

அரசாங்க வேலைகளில் இதுவே முறை. பட்டியல் தொகையில் ஒரு பங்கு நிறுத்தப்பட்டு, குறைபாட்டுக் காலம் முடிந்த பிறகே கொடுக்கப்படுகிறது. நாமும் தொகையைத் தவணைகளாகப் பிரித்து, வேலை முடிந்த அளவுக்கே கொடுத்து, பத்தில் ஒரு பங்கையேனும் ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்தி வைக்கவேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்தால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது. நேர்மையான மேஸ்திரி இதற்கு மறுக்கமாட்டார்; தம் வேலையில் அவருக்கே நம்பிக்கை உண்டு. மறுப்பவரை வேலை தொடங்குமுன் அறிந்துகொண்டதும் ஓர் இலாபமே.

ஒப்பந்தத்தில் வேலையின் அளவு, கலவை விகிதம், சிமெண்டின் தரம், எத்தனை நாள் தண்ணீர் விட்டு நனைப்பது, முடிக்கவேண்டிய தேதி ஆகியவை இருக்கட்டும். தளம் போட்டபின் ஓரங்களில் வரப்புக் கட்டி ஒரு நாளேனும் தண்ணீர் தேக்கி, கீழே கசிவு உண்டா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கவேண்டும். ஓரங்குல உயரத்திற்குத் தேங்கும் நீர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ பாரம் ஆகும். ஆதலால் பழைய தளமாயின் பொறியியல் அறிந்தவரைக் கேட்டுக்கொண்டே இச்சோதனையைச் செய்யவேண்டும்.

காண்டிராக்டர் இன்ஷூரன்ஸ் காட்டினால் வேண்டாம் என்று தள்ளவேண்டியதில்லை. சான்றிதழ்த் தாளோடு நில்லாமல் பாலிஸியின் நகலைக் கேட்டு வாங்கி, மேலே கூறிய மூன்று கேள்விகளையும் வைத்துப் படிக்கவேண்டும். சேதம் நேர்ந்துவிட்டால், பொருள்களை அப்புறப்படுத்தி நஷ்டம் பெருகாமல் காப்பது முதற்கடமை. அதைச் செய்யாதவருக்கு ஈட்டுத்தொகை குறையும். பின்னர் புகைப்படம் எடுத்து, நனைந்த நூலை எறிந்துவிடாமல் வைத்து, காண்டிராக்டருக்கு விரைவுத் தபாலில் எழுதி, அவர் தம் கம்பெனிக்குத் தெரிவிக்கும்படி கேட்கவேண்டும். கம்பெனியின் பெயரும் பாலிஸி எண்ணும் தெரிந்திருந்தால் அங்கும் ஒரு நகல் போகட்டும்.

பிறருடைய இன்ஷூரன்ஸை நம்பியிருப்பதைக் காட்டிலும் நம் வீட்டிற்கு நாமே எடுப்பது மேல். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான பாலிஸி நடப்பில் உள்ளது. தீ, புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி உடைதல் முதலியவற்றிற்கு இது ஈடு தருகிறது. கட்டிடத்திற்கு எடுத்தால், அத்தொகையில் 20 சதவீதம், ரூ. 10 இலட்சத்திற்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானே சேர்கிறது. ஆனால் நாட்பட்ட கசிவுக்கும் தேய்மானத்திற்கும் இதுவும் ஈடாகாது. வீட்டில் தறி நடப்பதைக் கம்பெனிக்கு முன்னரே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தொழிலுக்குரிய தறிக்கும் சரக்குக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் தனிப் பாலிஸி உண்டு.

சங்கத்தின் பங்கு

இவற்றையெல்லாம் ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே செய்வது கடினம். பாலிஸியின் பொடி எழுத்தைப் படிக்க ஓய்வு இல்லாதவர் பலர். மேஸ்திரியிடம் பணத்தை நிறுத்தி வைக்கக் கூச்சப்படுபவரும் பலர். இங்கேதான் சங்கம் முன்வரவேண்டும். நிர்வாகக் குழு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து அலுவலகத்தில் வைக்கலாம். அங்கத்தினர் வீடுகளில் நல்ல வேலை செய்த மேஸ்திரிகளின் பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதி வரலாம். ஒரே தெருவில் நான்கைந்து வீடுகளுக்குப் பழுது வேலை இருந்தால் சேர்த்து ஒப்பந்தம் செய்து, ஒரு பொறியாளரைச் சோதிக்கச் சொல்லி, அந்தச் சிறு செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனி ஒருவர் கேட்கத் தயங்கும் நிபந்தனையை ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பார் இல்லை.

நிர்வாகிகள் உடனே செய்யவேண்டிய காரியம் ஒன்றும் உண்டு. சங்கம் தன் சரக்குக்கு எடுத்துள்ள இன்ஷூரன்ஸ், கிடங்கில் இருக்கும் நூலுக்கு மட்டுமா, அங்கத்தினர் வீட்டுத் தறிகளில் இருக்கும் நூலுக்கும் சேர்த்தா என்று பாலிஸியை எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டில் உள்ள நூல் சேரவில்லையெனில் அடுத்த புதுப்பித்தலுக்குக் காத்திராமல் கம்பெனிக்கு எழுதிக் கேட்கவேண்டும். நூல் சங்கத்தினுடையது, அதன் ஆபத்து முழுவதையும் நெசவாளர் ஒருவரே தோளில் சுமப்பது கூட்டுறவு ஆகாது.

மழைக்காலம் வருமுன்னர் கூரையைப் பார்ப்பது நம் பெரியோர் வழக்கம். இனி அதனோடு ஒப்பந்தத் தாளையும் பாலிஸித் தாளையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் நம்மிடையே வரவேண்டும். காண்டிராக்டரின் இன்ஷூரன்ஸ் அவரைக் காப்பதற்காக அவர் எடுத்தது. நம் கூரையைக் காப்பவை தெளிவாக எழுதிய ஒப்பந்தமும், மழை கழியும்வரை நிறுத்தி வைத்த தவணையுமே ஆகும்.